அப்பம் ஆசீர்வதிக்க ஓர் ஆள்

எங்கள் சபையில் மற்ற ஜெபங்களை யாரும் எப்படியும் சொல்லலாம். அழுதுகொண்டே சொல்லலாம், பாதியில் மறந்து வேறு எங்கேயோ போகலாம், இட்லிக் கடை அக்கா செய்வது போல மருமகளைப் பற்றிய புகாரையும் சேர்த்துச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் அப்பத்துக்கும் தண்ணீருக்கும் சொல்கிற இரண்டு ஜெபங்கள் மட்டும் அப்படியல்ல. எழுதியிருப்பதில் ஒரு வார்த்தை கூடக் கூடாது, குறையக் கூடாது, மாறக் கூடாது. மாறினால் சபையை நடத்துகிறவர் வேண்டாம் என்று தலையை லேசாகப் பக்கவாட்டில் ஆட்டுவார். மேஜை முன்னால் முழங்காலில் இருப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் ஆசாரியத்துவம் பெற்ற ஆணாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு அப்பமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

திருவண்ணாமலையில் அப்படி இருந்த ஒரே ஆள் என் கணவர்.

கேட்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். என் கல்யாண வாழ்க்கை மஸ்கட்டுக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது இந்த ஒரு காரணத்தால்தான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

அவர் தேரடித் தெருவில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எழுபதுகளின் கடைசியில், பழைய பேப்பர் கடையிலிருந்து வந்த ஒரு கட்டுக்குள் ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் இருந்த அமெரிக்க விலாசத்துக்கு அவர் அழகாக டைப் அடித்து ஒரு கடிதம் போட்டார். வேலையற்ற வேலை என்று நினைத்தேன். வெகுநாள் கழித்து, மெட்ராஸில் தங்கியிருந்த வயதான அமெரிக்கத் தம்பதி பஸ் பிடித்து வந்து எங்கள் மாடிப்படி ஏறினார்கள். அந்தப் பெரியவர் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்ததும் நான் காப்பியைக் கொண்டுபோய் நீட்டினேன். வேண்டாம் என்றார். சரி, டீ? அதுவும் வேண்டாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. சொம்புத் தண்ணீரை மட்டும் வாங்கிக் குடித்தார். ஒரு வருஷத்துக்குள் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பம்ப்செட் தொட்டியில் முங்கி ஞானஸ்நானம் எடுத்து, நாங்களும் அப்படியே ஆகிவிட்டோம்.

மார்மன் என்ற பெயர் ஊரில் யார் வாயிலும் சரியாக நுழையவில்லை. ‘காப்பி குடிக்காத சபை’ என்றார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நான் பிறந்தது பழைய மிஷன் சர்ச் குடும்பம். சிலுவைச் சங்கிலியை நான் கழற்றி வைத்ததைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து காப்பியைத் தொடாமல் எழுந்து போனதைப் பொறுக்கவில்லை. கோயில் ஊரில் கிறிஸ்தவர்கள் ஒரு ஓரம் என்றால், அந்த ஓரத்துக்கும் ஓரம் நாங்கள். காப்பி இல்லாமல் நைட் டியூட்டி பார்த்துப் பாருங்கள், விசுவாசம் என்றால் என்னவென்று தெரியும்.

வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். டைப்ரைட்டர்களுக்கு ரெக்சின் உறை போட்டு மூடிவிட்டு, பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவோம். பேப்பரில் மதமாற்றம் என்ற வார்த்தை அடிக்கடி வரத் தொடங்கிய காலம் அது. ஒரு நாள் கட்டடத்துக்காரர் மேலே வந்து நின்றார்.

“சார், டைப்பு சொல்லிக் குடுக்கறதோட நிறுத்திக்கங்க. ஞாயித்துக்கெழம பாட்டு கீட்டெல்லாம் வாணாம். நான் நாலு பேருக்குப் பதில் சொல்லணும்.”

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரும் ஊரில் வாழ வேண்டும். ஆனால் எங்களுக்கு இடம் போயிற்று. அந்த நேரத்தில்தான் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. மெட்ராஸ் போய் இன்டர்வியூவில் உட்கார்ந்தேன், கிடைத்துவிட்டது. நான் போனால் வேங்கிக்காலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, யார் தயவும் இல்லாமல் சபையை நடத்தலாம். கலெக்டர் ஆபீஸ் எல்லாம் வராத வேங்கிக்கால் அது. நாலைந்து புது வீடுகள், சுற்றிலும் பாறையும் முள்ளும். பாட்டுப் பாடினால் ஆடு மேய்க்கிறவர்கள்தான் கேட்பார்கள்.

சபைக்காக மட்டும் போனேன் என்று சொன்னால் பொய். எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் இரண்டு பேரிடமும் குறை இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு நைட் டியூட்டி, அவருக்கு ராத்திரி வரை கிளாஸ். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளை ஆள் பார்ப்பதே கம்மி. மஸ்கட்டில் குடும்பத்தோடு இருப்பவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் தருவார்கள், அங்கே போய் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அவரும் சம்மதித்தார். கிளம்புகிற அன்றைக்கு மீனம்பாக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் சொன்னார்.

“நான் இப்பவே வந்துட்டா இவங்களுக்கு அப்பம் ஆசீர்வதிக்க ஆளில்ல. இன்னொருத்தர் தயாராகட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமையே நான் பொட்டியத் தூக்கிடுறேன்.”

நம்பினேன். நம்பாமல் இருக்க அவர் எந்தக் காரணமும் அதுவரை கொடுத்ததில்லை.

மஸ்கட்டில் எனக்குத் திருவிருந்தே கிடையாது. எங்கள் சபை ஆட்கள் அங்கே யாராவது இருந்தார்களோ என்னவோ, என் கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமை லீவு. ஹாஸ்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாக ஒரு பாட்டுப் பாடுவேன், ஒரு ஜெபம் செய்வேன். பக்கத்து அறை மலையாளி நர்ஸ் காப்பி கலந்து கொண்டுவந்து கதவைத் தட்டுவாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். அங்கேயும் அதே கதை.

இன்னொருத்தர் தயாரானார். தயாரானவர் யார் என்று கடிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். கரண்ட் ஆபீஸ் லைன்மேன்.

லைன்மேனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடி அண்ணாமலைக்காரர். விவசாயக் குடும்பம், வீட்டில் அவர் ஒருவர்தான் எங்களோடு சேர்ந்தார். நல்ல உயரம், கம்பத்தில் ஏறினால் குரங்கு தோற்கும். வாயைத் திறந்தால் திக்குவாய். சாதாரணத் திக்கல் இல்லை. ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துவிடும். எங்கள் மாடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸ் போட வந்தார். வேலை முடிந்தும் போகாமல் படிக்கட்டில் நின்று பாட்டைக் கேட்டார். பாடும்போது அவருக்குத் திக்காது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து மனதில் உள்ளதைப் பேசலாம். அவர் எழுந்து நாலே வாக்கியம் பேசினார். அதற்குள் தெருவில் தேர் ஒரு முறை போய்த் திரும்பியிருக்கும். யாரும் குறுக்கே பேசவில்லை. கடையில், ஆபீஸில், வீட்டில் எல்லோரும் அவர் தொடங்குகிற வாக்கியத்தைத் தாங்களே முடித்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே கடைசி வார்த்தை வரை அவருடையது. அதனால்தான் வந்தார் என்று நினைக்கிறேன். நான்கூட அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை.

இந்த மனிதரைத்தான், மெட்ராஸிலிருந்து வந்த அமெரிக்கப் பெரியவர் கேள்விகள் கேட்டு, தலையில் கை வைத்து ஆசாரியனாக நியமித்துவிட்டுப் போனார். வேறு ஆண்கள் யாரும் சரிப்படவில்லை. ஒருத்தருக்கு பீடி, இன்னொருத்தருக்கு டீக்கடைதான் பிழைப்பு. திக்கினால் ஜெபம் செல்லுமா என்று என் கணவரே பெரியவரிடம் கேட்டிருக்கிறார். எழுத்து எத்தனை தரம் திரும்ப வந்தாலும் தவறில்லை, வார்த்தை மாறினால்தான் தவறு என்று பதில் கிடைத்தது. அதை எல்லோர் முன்னாலும் அறிவித்தவரும் என் கணவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது கையில் இரண்டு நல்ல செய்தி இருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி ஆபீஸில் ஆங்கில டைப்பிஸ்ட் வேலை ஒன்று காலி. இவருக்காக நான் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைத்திருந்தேன். குடும்பக் குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் என் பெயருக்கு வந்திருந்தது. லீவு முடிந்து வரும்போது புருஷனுடைய காகிதங்களைக் கொண்டுவா, இல்லாவிட்டால் அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேட்ரன் கறாராகச் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட் இவரிடம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

“போடறேன். அவரு மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழம முழுசா சொல்லட்டும்” என்றார்.

முதல் ஞாயிறு பார்த்தேன். வேங்கிக்கால் வீட்டின் கூடத்தில் வெள்ளைத் துணி போட்ட மேஜை, அதன்மேல் ஜெபம் எழுதிய அட்டை. லைன்மேன் ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டு முழங்காலில் நின்றார். இரண்டாவது வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டார். ‘நித்திய பிதாவே’ என்று வர வேண்டும். ‘நித்திய’ வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. பிறகு சட்டென்று ‘தகப்பனே’ என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். மறுபடி தொடங்கினார், மறுபடி தகப்பன். மூன்றாவது தடவை பாதி தூரம் போய் ஒரு வரியையே விட்டுவிட்டார். என் கணவர் எழுந்து போய் அவர் தோளைத் தொட்டார். லைன்மேன் எழுந்து விலக, இவர் முழங்காலிட்டு ஆற்றில் தண்ணீர் ஓடுவது போல ஜெபத்தைச் சொல்லி முடித்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு லைன்மேன் மேல் ஆத்திரம். பிதாவே என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்லித் தொலைத்தால் என்ன? என் வீடு, என் புருஷன், என் வயசு எல்லாம் அந்த ஆளுடைய உதட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சாயங்காலமே அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். ஏணியை வாசலில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஏன் தகப்பனேன்னு மாத்துறீங்க? அட்டைல பிதாவேன்னுதான இருக்குது?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த எழுத்து வருதுன்னு தெரிஞ்சாலே, சிஸ்டர்... ப... பக்கத்து வார்த்தைக்கு ஓடிடுவேன். சின்ன வயசுலேர்ந்து அப்பிடித்தான்.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடையில் பருப்பு என்று அவர் கேட்டதே இல்லையாம். சாம்பாருக்குப் போடுகிறது என்பாராம். வேலூர் பக்கம் மாற்றல் கொடுத்தபோது ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்க முடியாமல், அந்த ஊரைத் தாண்டிய ஊருக்கு டிக்கெட் வாங்கி நடுவில் இறங்குவாராம். ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு மூன்று மாற்று வார்த்தைகள் கைவசம் வைத்திருந்தார். ஆயுள் முழுக்க அவரைக் காப்பாற்றியது அந்த வித்தை. எங்கள் சபையில் அது ஒன்றுதான் செல்லாது.

எனக்கு ஆத்திரம் போய்விட்டது. “ஓடாதீங்க. அங்கயே நில்லுங்க. வரட்டும், எவ்ளோ நேரமானாலும் வரட்டும். யாருக்கும் பஸ்ஸுக்கு நேரமாவலை” என்றேன்.

தினமும் வந்தார். ஜெபத்தை நான் சொல்லக் கூடாது, பெண். அதனால் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். கேட்டுக் கேட்டு எனக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. லீவின் கடைசிப் பகுதியில், அவர் பிதாவே என்ற வார்த்தையின் வாசலில் நின்று, நின்று, கழுத்து சிவந்து, கடைசியில் உள்ளே நுழைந்துவிட்டார். அன்றைக்கு நான் கைதட்டினேன். சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“முழுசா வந்துடுச்சிங்க!” என்றேன்.

“ம்” என்றார். “வீட்டுல சொல்றது வேற. சபைல சொல்றது வேற.”

அவர் சொல்வதும் சரிதானே என்று அப்போது நினைத்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. வேங்கிக்காலில் அன்றைக்குக் காற்றுகூட இல்லை. தேரடித் தெருவில் என்றால் கோயில் லவுட் ஸ்பீக்கர், குதிரை வண்டி என்று ஏதாவது சத்தம் பாதி திக்கலை மூடிவிடும். இங்கே அமைதி ஜாஸ்தி. இட்லிக் கடை அக்கா வளையலைப் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாவது வரிசையில். என் கைப்பைக்குள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள்.

லைன்மேன் முழங்காலிட்டார். முதல் தடவை பிதாவே வந்துவிட்டது. வந்த சந்தோஷத்திலேயே நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். என் கணவர் தலையை ஆட்டினார். நியாயம். இரண்டாவது தடவை பயம் வந்துவிட்டது போலிருக்கிறது, பழைய வித்தைக்கு ஓடி ஒரு வார்த்தையை மாற்றினார். தலையாட்டல். அதுவும் நியாயம். அவர் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

மூன்றாவது தடவை அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வார்த்தையின் முன்னாலும் நின்றார். பிதாவேக்கு முன்னால் நின்ற நேரத்தில் யாரோ இருமிவிட்டு, இருமியதற்காக வெட்கப்பட்டார்கள். வந்தது. அடுத்தது வந்தது. நான் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு போனேன், ஒவ்வொன்றாக டிக் அடிப்பது போல. ஒன்று விடவில்லை. ஒன்று மாறவில்லை. கடைசி ஆமென் வரை அட்டையில் இருந்தது அப்படியே வந்தது. ஆமென் என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வாயைத் திறந்துவிட்டோம்.

என் கணவர் தலையை ஆட்டினார். வேண்டாம், மறுபடி என்று.

முதலில் எனக்கு என் மேல்தான் சந்தேகம் வந்தது. எங்கே தவறு? திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தவறே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. மேஜைத் துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷம் கூட வாழ்ந்தவள் நான். மாணவன் சரியாக டைப் அடித்த தாளை அவர் எப்படிப் பார்ப்பார், தவறான தாளை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் சரியாகச் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை நாளாக நான் காத்துக்கொண்டிருந்தது லைன்மேனுடைய வாய்க்காக இல்லை.

லைன்மேன் ஒரு மூச்சு இழுத்துவிட்டு நான்காவது தடவை தொடங்கினார். ‘நி... நி...’ என்று வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நேரத்தில் வாயைத் திறப்பது எங்கள் சபையில் கேள்விப்படாதது. பெண் திறப்பது அதைவிட.

“சரியாத்தான் சொன்னாரு” என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “ஒரு வார்த்தை மாறல. நான் கேட்டுட்டுதான் இருந்தேன்.”

இட்லிக் கடை அக்கா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். என் கணவருடைய காது மடல் சிவந்தது. என்னை வெளியே போ என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் போயிருப்பேன், காகிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேலும் கீழுமாகத் தலையசைத்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். தட்டு வந்தது. தண்ணீர் ஜெபத்தையும் லைன்மேனே சொன்னார், முதல் தடவையிலேயே. இந்தத் தடவை தலையசைக்க என் கணவர் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

“மூணாவது வாட்டி சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியும். தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

நான் சண்டைக்குத் தயாராக வந்தவள். இப்படி ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டால் என்ன செய்வது? கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“அங்க வந்தா நான் யாரு?” என்றார். “நர்ஸம்மா வூட்டுக்காரரு. எவனோ எழுதிக் குடுக்கறத டைப் அடிக்கிறவன். இங்க வாரத்துல ஒரு நாளு, நான் முழங்கால் போட்டாதான் இவங்களுக்கு அப்பம். ஊர்ல நம்மள யாரு மதிச்சாங்க, சொல்லு? இந்த ஒரு எடத்துலதான் நான் இல்லன்னா நடக்காது. இன்னைக்கு அவரு சொல்லி முடிச்சதும் அதுவும் போச்சுன்னு தோணுச்சு. தலை தானா ஆடிடுச்சு.”

“எனக்கு முப்பத்தஞ்சு ஆவப் போவுது” என்றேன். “அது உங்களுக்குத் தோணலையா?”

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, அதைவிடக் கோபம் ஜாஸ்தி வந்தது. என் கணவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

கடைசியில் சொன்னேன். “என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த மனுசன் ஆயுசுல மொத தடவ நாலு பேர் முன்னாடி முழுசா பேசினாரு. அதத் தப்புன்னுட்டீங்க. அவருகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க.”

“சொல்லிடுறேன்” என்றார்.

இரண்டு நாள் போயிற்று, சொல்லவில்லை. காகிதங்களும் மேஜை மேல் அப்படியே கிடந்தன. நான் கேட்கவில்லை. எனக்கும் வீம்பு உண்டு. கிளம்புகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு லைன்மேன் தானாகவே வந்துவிட்டார். யூனிஃபார்ம் போட்டிருந்தார், டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். என் பெட்டியை இவர் கையிலிருந்து வாங்கிக் கூரைமேல் ஏற்றிவிட்டு இறங்கினார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

“சி... சிஸ்டர்,” என்றார். “இனிமே சாரு உங்ககூட வந்துடலாம். நான்தான் இருக்கேனே.”

அவர் எங்களுக்கு அதைப் பரிசு மாதிரி கொண்டுவந்திருந்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். மெட்ராஸ் பஸ்ஸில் ஆட்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். இவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தடவினார், எடுக்கவில்லை.

“ஒண்ணு சொல்லணும்” என்று தொடங்கினார். “அன்னைக்கு... மூணாவது வாட்டி நீங்க...”

நின்றுவிட்டார். லைன்மேன் அவசரப்படுத்தவில்லை. வாக்கியத்தை எடுத்து முடித்துக் கொடுக்கவும் இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

“மூணாவது வாட்டி நீங்க சரியாத்தான் சொன்னீங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தலையாட்டினேன்.”

“தெரியும் சார்” என்றார் லைன்மேன். திக்கவே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துகொண்டேதான் அவர் நான்காவது தடவை மூச்சை இழுத்திருக்கிறார். ஐந்தாவது தடவையும் இழுத்திருப்பார்.

“எதுக்குன்னும் தெ... தெரியும். எனக்கு வருத்தமில்ல” என்றார் லைன்மேன். “போங்க சார். சிஸ்டரு தனியா கஷ்டப்படறாங்க. சபைய நாங்க பா... பாத்துக்கறோம்.”

அந்த ‘பா’வில் அவர் நின்றார். வேறு வார்த்தைக்கு ஓடவில்லை. அங்கேயே நின்று அதைச் சொல்லி முடித்தார். இனி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தடை என்று ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட் இருந்தது, வேலை இருந்தது, வீடு இருந்தது, அப்பம் ஆசீர்வதிக்க ஆள் இருந்தது. நான் என் கணவரைப் பார்த்தேன். லைன்மேனும் பார்த்தார்.

“பாக்கலாம்” என்றார் என் கணவர்.

பஸ் கிளம்பியது, காகிதங்களில் கையெழுத்து இல்லாமலே. மஸ்கட் போய்ச் சேர்ந்த மறுநாள் டியூட்டிக்குப் போகும் வழியில் மேட்ரன் அறைக்குள் நுழைந்து, குடும்பக் குவார்ட்டர்ஸ் எனக்கு வேண்டாம், அடுத்தவளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். வேங்கிக்கால் வீட்டு வாடகையை மட்டும் மாதாமாதம் தவறாமல் அனுப்பினேன்.